வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வட்டம்

திங்கட்கிழமை காலை ஒன்பது பத்துக்கு, திருப்பூர் சேவற்கொடி நிட்வேரின் முதலாளி சாமியப்பன் தமிழைத் தடை செய்தார்.

தமிழோடு சேர்த்து இந்தியையும் ஆங்கிலத்தையும். முழுசாக அல்ல, வட்டம், சதுரம், முக்கோணம் என்று உருவங்களைச் சொல்லும் வார்த்தைகளை மட்டும். கம்பெனிக்குள் யாராவது 'வட்டம்' என்றோ 'ரவுண்டு' என்றோ இந்தியில் 'கோல்' என்றோ வாய் திறந்தால் அன்றைக்கு அவருக்கு டீ கிடையாது. நோட்டீஸ் போர்டில் ஒட்டியாகிவிட்டது. முந்நூறு பேரும் சுற்றி நின்று படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டியவருக்கு அன்றைய முதல் டீ போயிற்று.

நோட்டீஸை டைப் அடித்தவள் சித்ராதேவி. கம்ப்யூட்டரில் பேட்டர்ன் வரைவது அவள் வேலை. கடைசி வரியை அடிக்கும்போதுதான் அதில் தன் பேர் இருப்பதைப் பார்த்தாள்.

'மாற்று வார்த்தைகளை உருவாக்கும் பொறுப்பு: செல்வி சித்ராதேவி, எம்.எஸ்ஸி. கணிதம்.'

"ஐயா, எனக்கு வெள்ளிக்கெழம லீவு சொல்லியிருந்தேனுங்க."

"சொன்னே. இல்லேன்னு யாரு சொன்னா?"

"நிச்சயதார்த்தமுங்க. கணியூர்ல, எங்க ஊட்டுல. ஒம்பதுல இருந்து பத்தரைக்குள்ள."

"நாலு நாள் முழுசாக் கெடக்குது கண்ணு. மூணே வார்த்தை. வியாழக்கெழம பையரோட இன்ஸ்பெக்டர் வாராரு. அதுக்குள்ள பாஷைய முடிச்சுக் குடுத்துட்டுத் தாராளமாப் போ."

"முடியலீன்னா?"

சாமியப்பன் வெகுளியாக அவளைப் பார்த்தார். "அரைகுறை பாஷைய நடுத்தெருவுல உட்டுப்போட்டு எப்புடிப் போவே?"

அந்த நிச்சயதார்த்தம் ஏற்கெனவே ஒரு தடவை தள்ளிப் போனது. அன்றைக்குப் பார்த்து ஒரு ஷிப்மென்ட். சித்ராதேவியால் கிளம்ப முடியவில்லை. இன்னொரு தடவை இப்படி என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று மாப்பிள்ளையின் பெரியப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வேல்குமார், பல்லடத்தில் தறி மெக்கானிக். பெண் பார்க்க வந்த அன்று எல்லோரும் பஜ்ஜியில் மூழ்கியிருக்க, அவர் மட்டும் எழுந்துபோய், பத்து வருஷமாகச் சரியாக மாட்டாத கொல்லைக் கதவின் கொண்டியைத் தட்டி நிமிர்த்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்தக் கணத்தில் சித்ராதேவி மனசுக்குள் சம்மதம் சொல்லிவிட்டாள். அந்த ஆளை ஒரு வட்டத்துக்காக இழக்க அவள் தயாராக இல்லை.

சாமியப்பனின் கோபத்துக்கும் காரணம் இருந்தது. போன ஆர்டரில் குழந்தைகள் டீ-ஷர்ட்டின் நெஞ்சில் வட்டமாகத் துணி வெட்டி வைத்துத் தைக்க வேண்டும். ஐந்து இடங்களில் பிரித்துக் கொடுத்து வெட்டினார்கள். ஆர்டர் கொடுத்த பையர் பதினாலு பீஸை வரிசையாக வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பினான். பதினாலும் பதினாலு தினுசு. சாமியப்பன் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். கட்டிங்கில் இருக்கும் காசிமாயன், வட்டம் என்றதும் தனக்கு இட்லி ஞாபகம் வரும் என்றார். ஓவர்லாக் தைக்கும் பீகார்க்காரர் சப்பாத்தி என்றார். ஆனால் தங்கள் வீட்டில் தம்பி சுடும் சப்பாத்தி என்றும் நேர்மையாகச் சேர்த்துக்கொண்டார். சாமியப்பனுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. தப்பு கத்தரியில் இல்லை. ஒவ்வொருவரும் அவரவர் வீட்டு அடுப்படியிலிருந்து ஒரு வட்டத்தைக் கொண்டுவருகிறார்கள்.

"யாரோட அம்மாவும் சொல்லாத வார்த்தை வேணும் கண்ணு. தொடச்சு வெச்ச வார்த்தை. அதுக்கு நாம என்ன சொல்றமோ அதுதான் அர்த்தம்."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் சித்ராதேவி மைக்கைப் பிடித்தாள். வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியது. முந்நூறு பேரில் யாருக்காவது தெரிந்திருந்தால் அது தள்ளுபடி.

"தாபு."

ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் எழுந்து, அது தன் சித்தப்பா என்றாள்.

"மிட்டு."

பீகார்க்காரர் வீட்டில் கிளி.

நாற்பத்தேழாவதாக "ஞொபி" என்றாள். சோற்றில் வைத்த கைகள் அப்படியே நின்றன. யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. சாமியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வட்டம் ஞொபி ஆயிற்று. சதுரத்துக்குத் 'தகுசோ'வும் முக்கோணத்துக்கு 'விம்ரே'யும் சாம்பார் ஆறுவதற்குள் கிடைத்துவிட்டன. பாஷைக்குக் கொடிமொழி என்று பேர் வைத்தார்.

இனி அர்த்தம் எழுத வேண்டும். அரை மணி நேர வேலை என்று நினைத்தாள் சித்ராதேவி. எம்.எஸ்ஸி. படித்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும்.

செவ்வாய்க்கிழமை காலை எழுதினாள்: 'ஞொபி: ஒரு நடுப்புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் ஒரே தூரத்தில் இருக்கும் ஓரம்.'

பத்தாவது நிமிஷம், செக்கிங் சூப்பர்வைசர் முத்துப்பேச்சி கழுத்தில் டேப்போடு வந்து நின்றாள். திசையன்விளைப் பக்கத்துக்காரி. அகராதியோடு பொருந்தாத பீஸ் ஒன்றுகூட வெளியே போகக் கூடாது என்பது முதலாளி அவளுக்குக் கொடுத்த உத்தரவு. உத்தரவு என்றால் முத்துப்பேச்சிக்கு உத்தரவு.

"ஏ சித்ரா, நடுப்புள்ளின்னு எழுதிருக்கியே, புள்ளி எங்க இருக்கு?"

"துணியில தெரியாதுங்கக்கா. அது மனசுல வெச்சுக்கறது."

"ஒன் மனசுல இருந்து நான் எப்படி டேப் புடிக்க?"

"வேணும்னா பேனாவுல ஒரு புள்ளி வெச்சுக்கலாமுங்க."

"வெள்ளத் துணியில பேனாப் புள்ளி வச்சா அதுக்குப் பேரு கறை. கறை வந்தா பீஸ் ரிஜெக்ட். ஆக, புள்ளி இல்லன்னா அது வட்டம் இல்ல. புள்ளி இருந்தா அது பீஸே இல்ல. எது வேணும்னு நீயே சொல்லு."

"அக்கா, வட்டம்னு சொல்லாதீங்க."

"போச்சு, டீயும் போச்சா?"

இரண்டாவது அர்த்தத்தில் புள்ளி இல்லை. 'எப்படி மடித்தாலும் ஓரத்தோடு ஓரம் பொருந்துவது ஞொபி.' முத்துப்பேச்சி நாலு பீஸை மடித்தாள். சுருக்கம் விழுந்தது. அயர்ன் போட்டார்கள். பனியன் துணி ஆவி பட்டதும் கால் நீட்டிப் படுத்துவிட்டது. மடிப்பதற்கு முன் இருந்த உருவம் ஒன்று, பின்னால் இருந்தது வேறு.

மூன்றாவது: 'குறுக்கே எந்தப் பக்கம் அளந்தாலும் ஒன்பது சென்டிமீட்டர்.'

"இழுத்துப் புடிச்சா, தொங்க விட்டா?" என்றாள் முத்துப்பேச்சி.

அதுதான் பனியன் துணி. பிடித்தால் வரும், விட்டால் போகும். ஒரு முழத் துணிக்கு அன்றைய மனநிலையைப் பொறுத்து முக்கால் முழமும் உண்டு, ஒன்றேகால் முழமும் உண்டு. துவைத்தால் நீளத்தில் சுருங்கும். வட்டம் முட்டையாகும், சதுரம் தோளைச் சாய்த்துக்கொண்டு நிற்கும். ஆகவே துவைப்பதற்கு முந்தைய ஞொபி, துவைத்ததற்குப் பிந்தைய ஞொபி என்று இரண்டு. சாமியப்பன் எட்டிப் பார்த்து, "கொழந்த சோறு தின்னதுக்கு அப்புறம் வயிறு உப்புமே, அதையும் எழுது கண்ணு" என்றார். சாப்பாட்டுக்கு முந்தையது, பிந்தையது என்று நான்காயிற்று. முக்கோணத்துக்கு மூன்று மூலைதானே என்று நிம்மதியாக இருந்தால், ஜிக்ஜாக் தையல் ஓடியதும் மூலைக்கு மூன்று மூலை முளைத்தது.

புதன் மத்தியானம் கொடிமொழி அகராதி அறுபத்தோரு பக்கம். மூன்று வார்த்தை. ஞொபிக்கு மட்டும் முப்பத்தெட்டு.

மாலை நாலு மணிக்கு முத்துப்பேச்சி கணக்குச் சொன்னாள். இந்த ஆர்டருக்குத் தைத்து முடித்தது பன்னிரண்டாயிரம் பீஸ். அகராதிப்படி பாஸ் ஆனது பூஜ்யம்.

சித்ராதேவி அகராதியை மூடினாள். சாமியப்பனோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். முகத்தில் பூரிப்பு.

"ஒண்ணுகூடத் தேறலியா? பாத்தியா அம்மிணி! இத்தன வருஷமா தப்பையே பாஸ் பண்ணி அனுப்பியிருக்கறோம். இந்தப் பாஷை வந்துதானே கண்டுபுடிச்சுது!"

"ஐயா, நாளைக்கு இன்ஸ்பெக்டர் வாராருங்க. ஒரு பீஸாவது காட்டோணுமுங்க."

"அதுவும் சரிதான். ஒரு ஞொபி செஞ்சு குடுத்துட்டுப் போ."

அன்று மாலை சித்ராதேவி கம்ப்யூட்டரில் மயிரிழை பிசகாத வட்டம் ஒன்றை வரைந்தாள். அதை அட்டையில் எடுத்து, துணியை ஒரு நாள் முழுக்க விரித்துப் போட்டால்தான் அது நெகிழ்ந்து அடங்கும் என்பதால் ஏற்கெனவே விரித்துக் கிடந்த துணியாகத் தேடிப் பிடித்து, அவளே நின்று நாற்பது பீஸ் வெட்டித் தைக்க வைத்தாள். முத்துப்பேச்சி நாற்பதையும் எட்டு எட்டுத் திக்கில் அளந்தாள். மூக்கை உறிஞ்சினாள். "இது ஞொபி" என்றாள்.

நாற்பது பாஸ். ஏற்கெனவே தைத்த பன்னிரண்டாயிரம் என்ன ஆகும் என்பதை நினைக்க விடாமல் செல்போன் அடித்தது. வேல்குமார்.

"வெள்ளிக்கெழம வந்துருவீங்கல்லங்க?"

"வந்துருவேனுங்க."

"பெரியப்பா மறுபடியும் கேட்டாருங்க. அதான்."

வியாழன் பதினொன்றுக்கு இன்ஸ்பெக்டர் ஜெபக்குமார் பைக்கில் வந்து இறங்கினார். நாகர்கோவில்காரர். அதிகம் பேசாதவர், டீயைக்கூடத் தலையசைத்தே மறுப்பவர். பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே ஒரே ஒரு டீ-ஷர்ட், கழுத்தில் கயிறு கட்டி அரக்கு முத்திரை.

சீல்டு சாம்பிள். ஆர்டர் தொடங்குவதற்கு முன் ஒரு பீஸ் தைத்து அனுப்புவார்கள். பையர் பார்த்து, கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்துவிட்டால் அதற்கப்புறம் திருப்பூருக்கு அதுதான் வேதம். அதில் பட்டன் தலைகீழாக இருந்தால் லட்சம் பட்டனும் தலைகீழாகத்தான் இருந்தாக வேண்டும்.

ஜெபக்குமார் குவியலிலிருந்து ஒரு பீஸை உருவினார். சாம்பிள் மேல் வைத்தார். தலையசைத்தார். இன்னொன்று. தலையசைத்தார். எண்பது பீஸ் பார்த்தார், எண்பது தலையசைப்பு. சித்ராதேவிக்கு எதுவும் புரியவில்லை. பூஜ்யம் என்று ஒதுக்கிய குவியல் அல்லவா அது!

கடைசியாக அவளுடைய நாற்பதில் ஒன்று அவர் கைக்கு வந்தது. புருவம் சுருங்கியது.

"இது ரவுண்டால்லா இருக்கு?"

"ஆமாங்க சார். ரவுண்டாத்தானுங்க இருக்கோணும்."

"சாம்பிள் ரவுண்டா இல்லியே."

சித்ராதேவி குனிந்து பார்த்தாள். பார்த்தவள் நிமிரவில்லை. சாம்பிளின் நெஞ்சில் இருந்த வட்டத்தில், கடிகாரத்தில் இரண்டு மணி இருக்கும் இடத்தில், ஒரு சின்னப் பள்ளம். யாரோ விரலால் அழுத்தியது போல. குவியலில் ஒரு பீஸை எடுத்தாள். இரண்டு மணிக்குப் பள்ளம். அடுத்தது. பள்ளம். பன்னிரண்டாயிரம் வட்டமும் அதே இடத்தில் அதே ஆழத்துக்கு நெளிந்திருந்தன, அவள் பார்த்துப் பார்த்துச் செய்த நாற்பதைத் தவிர.

"இந்த நாப்பது ரிஜெக்ட்" என்றார் ஜெபக்குமார்.

சாம்பிள் தைத்தவள் நதியா. கூப்பிட்டார்கள். சங்கரன்கோவிலிலிருந்து பிழைக்க வந்து பல்லடத்தில் குடியிருப்பவள். கையில் பாதி தைத்த துணியோடு வந்தாள்.

"நதியா, இத எத வெச்சு வரஞ்சே?" சாமியப்பனின் குரல் கிசுகிசுத்தது.

"என்ன சார், தப்பாயிருச்சா?"

"எத வெச்சும்மா?"

"அன்னிக்கு அவசரம்னு சொன்னீங்க. கைக்கு ஒண்ணும் கெடைக்கல. டிபன் பாக்ஸ் மூடிய வச்சு வரஞ்சேன் சார். அந்த அட்டையத்தான் கட்டிங்குக்கும் வாங்கிட்டுப் போனாங்க, இப்ப அதுவும் பிஞ்சு போச்சு."

"அந்தப் பள்ளம்?"

"பல்லடத்துல பஸ் ஏறும்போது கீழ விழுந்துச்சு. பின்னால வந்த பஸ்காரன் பாக்காம ஏத்திட்டான், ஓரத்துல மட்டும். சோறு சிந்தாது சார், நல்லாத்தான் மூடும்."

ஜெபக்குமார் ரிப்போர்ட்டில் பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, சாம்பிளைப் பையில் வைத்துக்கொண்டு பைக்கை உதைத்தார். 

சித்ராதேவி மணியைப் பார்த்தாள். பன்னிரண்டேகால். அகராதியில் முப்பத்தெட்டுப் பக்கங்களைக் கொத்தாகப் பிடித்துக் கிழித்தாள். வெள்ளைத் தாளில் ஒரே வரி எழுதினாள்.

'ஞொபி: நதியாவின் டிபன் பாக்ஸ் மூடி.'

"நதியா, சதுரத்த எதுல வரஞ்சீங்க?"

"தகுசோ" என்று திருத்தினார் சாமியப்பன்.

"பாத்ரூம்ல ஒட்டுனது போக ஒரு டைல்ஸ் கெடந்துச்சுக்கா. முக்கோணம், கட்டிங் டேபிளுக்கு முட்டுக் குடுத்திருந்த கட்டை."

இன்னும் இரண்டு வரி. அகராதி முடிந்தது. முத்துப்பேச்சி நதியாவின் மூடியை ஒரு பீஸ் மேல் வைத்துப் பார்த்தாள். பள்ளத்தில் பள்ளம் உட்கார்ந்தது.

"இது பேச்சு. வச்சா பொருந்துது, இல்லன்னா பொருந்தல. இதுக்கு எதுக்கு எம்.எஸ்ஸி, ஏ சித்ரா?"

சாயங்காலம் லீவு லெட்டரோடு முதலாளி அறைக்குப் போனாள் சித்ராதேவி. சாமியப்பன் முருகன் படத்துக்கு முன்னால் மூடியை வைத்துக் குங்குமம் இட்டிருந்தார்.

"நாளைக்குப் பேக்கிங் அம்மிணி. எவனாச்சும் ஒரு பீஸத் தூக்கிக்கிட்டு வந்து, இது ஞொபியான்னு கேட்டா? அந்த முத்துப்பேச்சி கண்டிப்பாக் கேப்பா. தீர்ப்புச் சொல்ல நீ இருக்கோணுமே?"

சித்ராதேவி கையிலிருந்த லெட்டரைப் பார்த்தாள். கொல்லைக் கதவும், அதன் கொண்டியும், அதைத் தட்டிய கையும் கண் முன்னால் வந்து போயின. நாலு நாளாகப் பைத்தியத்தோடு பழகியதில் அவளுக்கும் அந்தப் பாதை பழகிவிட்டிருந்தது.

"ஐயா, மூடி இங்க இருந்தாத்தானுங்க அளப்பாங்க?"

"ஆமா."

"அளந்தாத்தானுங்க சந்தேகம் வரும்?"

"ஆமா."

"மூடிய நான் கணியூருக்கு எடுத்துட்டுப் போயிட்டா, நாளைக்கு ஞொபி எதுன்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க. அது இல்லீன்னும் யாராலயும் சொல்ல முடியாது. பேக்கிங் அது பாட்டுக்கு நடக்குமுங்க."

சாமியப்பன் லீவு லெட்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"திங்கக்கெழம மூடி வேணும்க்கா" என்றாள் வாசலில் நதியா. "இந்த மூணு நாளும் சோத்துக்குத் தட்டத்த கவுத்துக்கிடுதேன்."

வெள்ளிக்கிழமை ஆறு பத்துக்கு உடுமலை பஸ். எட்டரைக்கு வீடு. ஒன்பதரைக்குத் தட்டு மாற்றினார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பாவே முகம் மலர்ந்து வெற்றிலை மடித்தார். இனி எவன் தள்ளிப் போடுவான்! சித்ராதேவி ஒரு வாரத்தில் முதல் தடவையாக முழு மூச்சு விட்டாள். வேல்குமார் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். அடுத்து அவள் பார்த்தபோது அவரைக் காணவில்லை.

டங். டங். டங்.

சத்தம் கொல்லைப்பக்கம்.

அவளுக்கு மூடி ஞாபகம் வந்தது. பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடிப் பையைத் திறந்தாள். மூடி இல்லை.

"அந்த மூடியா?" என்றாள் அம்மா ஜானகியம்மாள் அடுப்படியிலிருந்து. "கேசரிக்கு மூட எடுத்தேன். சரியா மூடலீன்னு மாப்பிள்ளை வாங்கிட்டுப் போனாரு. எவ்வளவு பொறுப்பு பாத்தியா!"

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், வேட்டியை மடித்துக் கட்டி, பைக்கிலிருந்து எடுத்த சின்னச் சுத்தியோடு குத்தவைத்திருந்தார் வேல்குமார். நெற்றியெல்லாம் வியர்வை. அவளைப் பார்த்ததும் எழுந்து, பரிசு கொடுப்பவர் போல நீட்டினார்.

"நல்ல பாத்திரமுங்க. ஓரம் மட்டும் நெளிஞ்சு கெடந்துச்சு. பாருங்க இப்ப."

கல்லின் மேல் மூடியை நிறுத்தி உருட்டினார். குலுங்காமல் தத்தாமல் ஓடிப்போய்ச் சுவரில் சாய்ந்தது. கம்ப்யூட்டரில் அவள் வரைந்தது கூட இத்தனை சுத்தம் இல்லை.

கையிலிருந்த செல்போன் அடித்தது.

"கண்ணு, நல்லபடியா முடிஞ்சுதா?" சாமியப்பன்.

"முடிஞ்சுதுங்க ஐயா."

"இங்கேயும் ஒரு வம்பில்ல. பேக்கிங் ஓடிக்கிட்டிருக்குது. கேளு, பையர் மறுபடியும் ஆர்டர் போட்டுட்டான்! முப்பதாயிரம் பீஸ், அச்சு அசல் அதே ஞொபி. மூடி பத்திரமா இருக்குதா?"

"என்ற கண்ணு முன்னாலதானுங்க இருக்குது."

"நல்லா இருக்குதா?"

சித்ராதேவி மூடியைப் பார்த்தாள். வேல்குமாரைப் பார்த்தாள். "முன்ன இருந்ததுக்கு இப்ப ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

வேல்குமாரின் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது. "ஏனுங்க, தப்புப் பண்ணிட்டேனுங்களா?"

"இல்லீங்க. ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கக் கூடாது. உங்களுக்கு நிமித்தறது மட்டுந்தான் வருமா, நெளிக்கவும் வருமா?"

அவர் விழித்தார். காரணம் கேட்பார் என்று அவள் காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. குத்தவைத்து உட்கார்ந்து, மூடியை மடியில் வைத்துத் துடைத்து, சுத்தியைக் கையில் எடுத்தார்.

"எவ்வளவு ஆழமுங்க?"

"நாலு மில்லிமீட்டர். விரல் வெச்சு அழுத்துன மாதிரி."

"எந்தப் பக்கமுங்க?"

சித்ராதேவி அவருக்கு எதிரில் புடவையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எங்க வேணா அடிங்க. வட்டத்துக்கு எல்லாப் பக்கமும் ஒண்ணுதானுங்க."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள். இன்றைக்கு டீ போயிற்று. போனால் போகட்டும், உள்ளே அம்மா காப்பிக்குப் பால் வைத்திருந்தாள்.